கறையான் அரித்த மூன்று எண்கள்

அறிவித்தல் பலகையில் ஒன்பது பரீட்சைச் சுட்டெண்கள் இருந்தன. ஆறாவது எண் என்னுடையது.

காலை வெயில் பலகையின் கண்ணாடியில் விழுந்து கூசியது. அதனால் முதலில் எண்களை மட்டுமே வாசித்தேன். சித்தியடைந்தவர்களின் பட்டியல் என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவின் கையைப் பிடித்து, "உன்ரை நம்பரும் இருக்கு" என்றேன். அவள் கையை விடுவித்து, கண்ணாடிக்கு உள்ளங்கையால் நிழல் கொடுத்து, எண்களுக்கு மேலேயிருந்த வாசகத்தைப் படித்தாள். பிறகு எனக்கு இடம் விட்டு விலகினாள்.

நுண்கணித முன்பயிற்சிப் பரீட்சையில் ஐந்தாம் வினாவுக்கு ஒன்பது பேர் ஒரே பிழையான விடையை, ஓர் இலக்கமும் மாறாமல் எழுதியிருக்கிறார்கள். பார்த்தெழுதியதாகச் சந்தேகிக்கப்படுவதால் அவர்களின் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்படுகின்றன. வெள்ளிக்கிழமை முற்பகல் பத்து மணிக்கு விசாரணை. அறிவித்தல் அவ்வளவுதான் சொன்னது.

எங்கள் பின்னால் ரவீந்திரன் வந்து நின்றான். அவனுடைய எண்ணும் பட்டியலில் இருந்தது. எதையும் பகிடியாக்காமல் அவனால் நிற்க முடியாது.

"ஒன்பது பேரும் சரியா எழுதியிருந்தால் கெட்டிக்காரர் எண்டிருப்பினம். பிழையிலை ஒற்றுமையாய் இருந்ததுதான் குற்றம்" என்றான்.

"நீ எவ்வளவு எழுதினனீ?" என்று யாரோ கேட்டார்கள்.

"முப்பது தசம் மூண்டு ஏழு."

"நானும் அதுதான்."

பட்டியலில் இல்லாத ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எனக்கு இருபத்தெட்டு தசம் நாலு ஆறு வந்தது."

வினா எனக்கு இன்றும் மனப்பாடம். ஒரு வெளிச்சவீட்டின் அடியிலிருந்து நான்கு மீற்றர் தூரத்தில் நின்று அதன் உச்சியைப் பார்த்தால் ஏற்றக் கோணம் எண்பத்திரண்டு பாகை, உயரத்தைக் காண்க. எங்கள் ஒன்பது பேருடைய வெளிச்சவீடு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் கூடுதலாக வளர்ந்து நின்றது.

முப்பது தசம் மூன்று ஏழை மனதுக்குள் நான்கால் பிரித்தேன். ஏழு தசம் ஐந்து ஒன்பது.

அந்த எண்ணை எனக்குத் தெரியும். எந்தப் புத்தகத்திலும் நான் அதை வாசித்ததில்லை. அதை உண்டாக்கியவள் நான்.

யாரோ என்னை ஏதோ கேட்டார்கள். பதில் சொன்னேனா என்பதுகூட நினைவில் இல்லை.

கணிதம் இல்லாமல் வந்தவர்கள்

நான் ஏன் பொருளியல் படிக்க விரும்பினேன் என்பதை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பண்டத்தரிப்பில் எங்கள் ஐயா விளைவித்த வெங்காயத்துக்கு யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து விலை வைப்பது எப்படி என்ற கேள்வியோடுதான் பல்கலைக்கழக வாசலை மிதித்தேன். சமூகத்துக்குப் பயன்படவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அந்த வயதில் அதை உரத்துச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வாசலில் நின்றது கணிதம். கலைப்பிரிவில் உயர்தரம் முடித்து வந்தவர்கள் பொருளியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க நுண்கணிதம் வேண்டும். நுண்கணித வகுப்பில் அமர்வதற்கு முன் நான்கு மாத முன்பயிற்சி நெறியில் சித்தியடைய வேண்டும். இருமுறை தவறினால் பெயர் வெட்டப்படும். தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம் அது. எங்கள் அணியில் பதினேழு பேர்.

முதல் நாள் விரிவுரையாளர் சோக்குக் கட்டியை மூன்றாக முறித்து, இரண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தொடங்கினார். அன்று முழுவதும் அந்த ஒரு துண்டோடுதான் எழுதினார்.

"நுண்கணிதம் மாறுறதைப் பற்றிக் கதைக்கிற பாடம். அதுக்கு முதல் என்னென்ன எப்பிடியெப்பிடி மாறும் எண்டு தெரிஞ்சிருக்க வேணும். நாலு மாதமும் உதைத்தான் படிக்கப் போறம்."

சார்புகள், அவற்றின் வரைபுகள், மடக்கை, திரிகோணகணிதம். உயர்தரத்தில் கட்டுரை எழுதிப் பழகிய எனக்கு, வரைபு ஒன்று வளைந்து ஏறுவதைப் பார்ப்பது புதிய மொழியொன்றைக் கேட்பதுபோல இருந்தது. விரைவில் தேறினேன். எழுத்து அழகாக இருந்ததால் என் கொப்பியை இரவல் கேட்காதவர்கள் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே மறைக்காமல் எழுதவேண்டும்.

ஜெசிந்தா கொழும்புத்துறைக்காரி. அவளுடைய அப்பா கடற்தொழிலாளி. முதல் தடவை பரீட்சை நடந்த வாரத்தில் கரையோர வீடுகளை விட்டு எல்லோரும் தேவாலய மண்டபத்துக்கு இடம்பெயர்ந்திருந்தார்கள். அங்கிருந்து வந்து எழுதித் தவறிவிட்டாள். எனவே எங்களோடு எழுதியது அவளுக்கு இரண்டாவதும் கடைசியுமான தடவை.

எனக்கும் மற்ற ஏழு பேருக்கும் அந்தப் பலகை ஒரு அவமானம். அடுத்த முறை எழுதித் துடைத்துவிடலாம். அவளுக்கு அடுத்த முறை இல்லை.

ஒருவர் வாசிக்க எட்டுப் பேர் எழுத

இன்றைய வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் வேண்டும்.

குடாநாட்டில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். கல்குலேற்றர் வைத்திருந்த இரண்டு பேரும் அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். சைன், கோசைன், தாஞ்சன் என்று எதைத் தேடினாலும் அட்டவணைதான். அச்சிட்ட அட்டவணைப் புத்தகம் எங்கள் துறை அலுவலகத்தில் இரண்டே இரண்டு. ஆகவே கையால் எழுதிய அட்டவணையைப் பரீட்சைக்குக் கொண்டுவர அனுமதித்தார்கள். வேறு குறிப்புகள் ஒளிந்திருக்கின்றனவா என்று மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்து, மூலையில் கையொப்பம் வைப்பார். எண்கள் சரியா என்று பார்ப்பது அவர் வேலையல்ல.

எனக்கு அளவெட்டியில் இருந்த மச்சாள் ஒருத்தி பழைய பாடநூலொன்றைத் தந்தாள். அதன் கடைசிப் பக்கங்களில் பாகைக்கு ஒரு வரியாக அட்டவணை இருந்தது. வரியில் மூன்று எண்கள். கடைசி எண் தாஞ்சன். தூரமும் அண்ணாந்து பார்க்கும் கோணமும் தெரிந்தால் உயரத்தைத் தருவது அந்த எண்தான்.

புத்தகத்தின் ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று ஆகிய பாகைகளுக்குரிய தாஞ்சன் இருந்த இடத்தில் மண்நிறத் தூள்தான் இருந்தது. விரலால் தட்டியபோது அதுவும் உதிர்ந்தது.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை எல்லோருக்கும் வாசித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

எண்பதுக்கு 5.671 என்று தெளிவாக இருந்தது. எண்பத்து நான்குக்கு 9.514. இடைவெளியை நான்காகப் பிரித்தேன், படிக்கு 0.96075 வந்தது. அதைக் கூட்டிக் கூட்டி, மூன்று தசம தானத்துக்குச் சுருக்கி, மூன்று எண்களையும் நிரப்பினேன். 6.632, 7.593, 8.553. ஐயா பாத்தியில் நாற்று நடும்போது இரண்டு முனைகளிலும் தடி ஊன்றி, கயிறு கட்டி, இடையைச் சமனாகப் பங்கிடுவார். அதே ஒழுங்கு. எனக்குச் சிறு சந்தேகமும் எழவில்லை.

அந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஒரு அடையாளம் இடலாமா என்று மட்டும் யோசித்தேன். சிவப்புக் கோடடித்து அவ்வளவு துப்புரவாக எழுதிய பக்கம். அடையாளம் அதன் அழகைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை சிற்றுண்டிச்சாலையில் நான் வாசிக்க எட்டுப் பேர் எழுதினார்கள். "ஏழு தசம் ஐஞ்சு ஒன்பது மூண்டு" என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். எழுதி முடிந்ததும் ரவீந்திரன் திருப்பி வாசிக்க, நான் என் பிரதியோடு ஒப்புநோக்கினேன். ஓர் எழுத்துப் பிழையும் இல்லை.

"கொம்பனிக்காரனும் உப்பிடி அச்சடிக்கமாட்டான்" என்றான் ரவீந்திரன்.

பங்கருக்குள் ஒரு கேள்வி

இதுவரை எழுதியது அறியாமை. இனி எழுதப்போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும். பகல் வகுப்பின் நடுவில் விமானச் சத்தம் கேட்டது. குண்டுவீச்சுக்கு ஒதுங்க வளவுக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினோம். ஈரமண் மணமும் பழைய சாக்கின் மணமும் கலந்திருந்தன. ஜெசிந்தா அட்டவணையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் குந்தி, மடியில் விரித்து, விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டு போனாள்.

"மலர், உதைக் கொஞ்சம் பார். எழுபத்தெட்டிலையிருந்து எண்பதுவரை பாய்ச்சல் கூடிக்கொண்டு வருது. பிறகு நாலு படிக்கு ஒரே அளவு. எண்பத்தஞ்சிலை திடீரெண்டு ரெண்டு மடங்கு. கூடிக்கொண்டு வந்தது ஏன் உந்த இடத்திலை மட்டும் நிண்டு மூச்சு விடுது?"

நான் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது. எண்களை உண்டாக்கிய நான் காணாததை, எழுதிக்கொண்டவள் கண்டிருந்தாள்.

மேலே விமானம் இன்னொரு சுற்றுச் சுற்றியது. பங்கருக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோருடைய காதுகளும் திறந்திருந்தன. அவர்கள் முன்னால், நான்தான் நிரப்பினேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"அச்சிலை அப்பிடித்தான் கிடக்கு" என்றேன்.

"அச்சிலையே?"

"ஓம்."

"அப்ப சரி. அச்சிலை இருந்தால் நான் ஆர் கேக்க" என்று சிரித்துவிட்டு மடித்து வைத்தாள்.

அலுவலகம் அந்தப் பங்கரிலிருந்து நூறு அடி இருக்கும். அச்சிட்ட புத்தகம் அங்கேதான் இருந்தது. சத்தம் அடங்கியதும் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. போகவில்லை. அன்று மாலையும் போகவில்லை. அடுத்த நாள் அந்த எண்ணம் மறந்தே போயிற்று.

வெள்ளிக்கிழமை முற்பகல்

பலகையைப் பார்த்தது புதன்கிழமை. இரண்டு நாட்கள் நான் வாய் திறக்கவில்லை.

விளைவுகளை எடைபோட்டேன். ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு தண்டனை என்றால் அது சிறிதாக இருக்கும் என்று எண்ணினேன். பார்த்தெழுதியதை அவர்களால் நிரூபிக்க முடியாது என்றும் எண்ணினேன். எல்லா வாதங்களும் என்னையே காத்தன. ஜெசிந்தாவின் பெயர் வரும் இடத்தை மட்டும் என் கணக்கு தாண்டிப் போயிற்று. ஏழைகளுக்காகப் பொருளியல் படிக்க வந்தவள் என்று முதல் வாரத்தில் என்னை அறிமுகப்படுத்தியது நினைவுக்கு வந்தபோது முகம் சுட்டது.

வெள்ளிக்கிழமை விசாரணை அறைக்கு வெளியே நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே விரிவுரையாளரும் வேறு இருவரும். முதலில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை எழுதுபவள் என்பதால் சந்தேகமும் அவளில்தான் முதலில் விழுந்தது.

"ஆரைப் பாத்து எழுதினீர்?"

"ஒருத்தரையும் பாக்கேல்லை, சேர். அட்டவணையைப் பாத்துத்தான் எழுதினனான்."

"அட்டவணையிலை உப்பிடி இல்லையே." புத்தகம் புரளும் சத்தம். "ஏழு தசம் ஒண்டு ஒண்டு அஞ்சு. நீரே பாரும்."

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பங்கரில் கேட்ட கேள்விக்குரிய பதில், அச்சில், அவள் கண்முன் இருந்தது.

"உதை எங்கையிருந்து எழுதினீர்?"

தாள் மடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பேரைச் சொன்னால் உமக்கு நல்லது. ரெண்டாந்தரம் எழுதிற பிள்ளை நீர். தெரியுந்தானே?"

"தெரியும், சேர்."

"அப்ப சொல்லும்."

"என்ரை கையெழுத்துத்தான், சேர். நான்தான் எழுதினது."

வாங்கில் ரவீந்திரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் பகிடி இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டிருந்தது. ஆனாலும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் திட்டியிருந்தால் எழாமலே இருந்திருப்பேனோ தெரியாது. அந்த மௌனம்தான் என்னை எழுப்பியது.

கூப்பிடாமலே உள்ளே போனேன்.

"சேர், அந்த மூண்டு எண்ணும் அச்சிலை இல்லை. கறையான் அரிச்சுப் போட்டுது. நான் நிரப்பினது. ஜெசிந்தா எழுதினது என்ரை அட்டவணையைப் பாத்து."

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நிரப்பினதோ? எப்பிடி?"

"இடைவெளியைச் சமனாய்ப் பிரிச்சனான்."

அவர் எழுந்து, மூலையிலிருந்த சிறு கரும்பலகையில் எழுதினார். ஒன்பது தசம் ஐந்து ஒன்று நான்கிலிருந்து ஐந்து தசம் ஆறு ஏழு ஒன்றைக் கழித்தார். நான்கால் பிரித்தார். கூட்டினார். 6.632. 7.593. 8.553. சோக்கு ஒவ்வொரு எண்ணிலும் கிறீச்சிட்டது. திரும்பி ஜெசிந்தாவின் தாளைப் பார்த்தார். மூன்றும் பொருந்தின.

மற்ற இருவரில் ஒருவர் மெல்லச் சிரித்தார். விரிவுரையாளர் சிரிக்கவில்லை.

"நாலு மாதமாய் வளையிற கோட்டைக் கீறிக் காட்டினனான். நீர் அதுக்குள்ளை நேர்கோடு போட்டிருக்கிறீர்." கொஞ்சம் பொறுத்து, "ஒருத்தரும் சந்தேகப்பட்டுக் கேக்கேல்லையோ?" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஜெசிந்தா நின்றாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"கேட்டவள், சேர். ஜெசிந்தா கேட்டவள். அச்சிலை அப்பிடித்தான் இருக்கெண்டு நான் பொய் சொன்னனான்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிரதிகளின் பின்னால்

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. எட்டுப் பேருக்கும் செய்முறைக்குரிய புள்ளிகள் வழங்கப்படும். என் பெறுபேறு இரத்து. பார்த்தெழுதியதற்காக அல்ல, நானே உண்டாக்கிய எண்களை உண்மையான அட்டவணை என்று பரீட்சை மண்டபத்துக்குள் கொண்டுவந்ததற்காக. நெறியை மீண்டும் படிக்கவேண்டும். அது என் முதல் தவறுதலாகக் கணக்கிடப்படும். ஜெசிந்தா சொற்பப் புள்ளிகள் மிஞ்சச் சித்தியடைந்தாள்.

என் அட்டவணையை விசாரணைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். சரியான மூன்று எண்களையும் ஒரு துண்டில் எழுதித் தந்த விரிவுரையாளர், "எங்கையெங்கை போயிருக்கோ, அங்கையெல்லாம் போய்த் திருத்தும்" என்றார்.

முதலில் ஜெசிந்தாவிடம் போனேன். நூலக வாசலில் நின்றாள். துண்டை நீட்டினேன்.

"நீ திருத்த வேண்டாம். என்ரையை நான் பாக்கிறன்."

"ஜெசி, நான்..."

"உன்னிலை கோவமில்லை எண்டு சொல்ல மாட்டன், மலர். கோவம்தான். போ, மற்ற ஆக்களின்ரையைத் திருத்து."

மிச்சம் ஏழு பிரதி என்று நினைத்துத்தான் சைக்கிளை எடுத்தேன். ரவீந்திரனிடமிருந்து அவன் தம்பி எழுதியிருந்தான். தம்பியிடமிருந்து அவன் வகுப்பில் நாலு பேர். இன்னொருத்தியின் பிரதி சாவகச்சேரியில் ஒரு தனியார் ரியூட்டரி வகுப்புக்குப் போயிருந்தது. பதினொரு நாட்களில் இருபத்து மூன்று பிரதிகளைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் 7.593 ஒவ்வொரு கையெழுத்தில் இருந்தது. சிலர் என் சிவப்புக் கோட்டையும் அப்படியே பார்த்து அடித்திருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பாடசாலையொன்றிலும் அந்த அட்டவணையைக் கண்டேன். ஆளுயர மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதன் கீழே பிள்ளைகள் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

"வடிவாய் இருக்கோ?" என்று கேட்டார் ஆசிரியை. "ஒரு பிழையும் இல்லை. மூண்டு தரம் பாத்து எழுதினது."

இருபத்து நான்காவது பிரதி ஒன்று இருந்தது. அதை வைத்திருந்த பெடியன் கிளாலிக் கடலைக் கடந்து குடாநாட்டை விட்டே போய்விட்டான் என்றார்கள். எங்கே என்று அவன் வீட்டாருக்கும் தெரியவில்லை. அந்தத் தாளை வைத்து யாராவது எதையாவது அளந்திருப்பார்களோ என்று, அலுவலக வேலையில் புள்ளிவிவர அறிக்கையொன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இன்றும் நினைக்கிறேன். முதலில் அதன் அடிக்குறிப்பைத்தான் வாசிப்பேன்.

பென்சில் கோடு

அடுத்த அணிக்கான முன்பயிற்சி நெறி தொடங்கியது. புதியவர்கள் நடுவில், பழையவளாக, பின் வரிசையில் இருந்தேன். என் கதை எனக்கு முன்பே அந்த அறைக்கு வந்துவிட்டிருந்தது. மேசையில் வெறும் கொப்பி. அட்டவணை இல்லை. கேட்க வாயும் வரவில்லை.

நுண்கணித வகுப்பு எதிர் அறையில் நடந்தது. இடைவேளையில் ஜெசிந்தா அங்கிருந்து வந்தாள். தீர்ப்புக்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம். என் மேசையில் அவளுடைய அட்டவணையை வைத்தாள்.

"பாத்து எழுது" என்றாள்.

நான் பேனையை எடுத்தேன். முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன். அவள் போகவில்லை. இரண்டு விரலால் தாளை இழுத்தாள்.

"சரிபாத்தனியோ?"

"இல்லை."

"ஏன்?"

"நீ எழுதினது எண்டபடியால்."

"உதைத்தான் நானும் செய்தனான்" என்றாள். "பக்கத்தைத் திருப்பு. எண்பத்திரண்டைப் பார்."

திருப்பினேன். பழைய மூன்று எண்களும் ஒற்றைக் கோட்டால் வெட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தாள். மற்ற வரிகளில் நான்கு இலக்கங்கள். இந்த மூன்றில் மட்டும் மூன்று. 6.31. 7.11. 8.14. ஒவ்வொன்றின் கீழும் மெல்லிய பென்சில் கோடு.

"சேர் தந்தது ஏழு தசம் ஒண்டு ஒண்டு அஞ்சு" என்றேன்.

"சேர் தந்ததை நான் பாக்கேல்லை. நானே செய்தன். எட்டுப் பாகையின்ரை தாஞ்சன் உந்தத் தாளிலை மேலை கிடக்கு. எட்டும் எண்பத்திரண்டும் சேந்தால் தொண்ணூறு. ஒண்டைத் தலைகீழாக்கினால் மற்றது. ரெண்டாங் கிழமையே படிப்பிச்சது."

நான் நிரப்பிய அந்தச் சனிக்கிழமையிலும் எட்டுப் பாகை அதே அட்டவணையில், கறையான் தொடாத பக்கத்தில், முழுதாக இருந்தது. வேறு புத்தகம் வேண்டியதில்லை. அலுவலகத்துக்கு நடக்கவும் வேண்டியதில்லை.

"சைனைக் கோசைனாலை பிரிச்சும் பாத்தன்" என்று அவள் தொடர்ந்தாள். "கடைசி இலக்கம் ரெண்டு வழியிலையும் ஒண்டாய் வரேல்லை. அதாலை அதை விட்டுட்டன். தெரிஞ்ச அளவுக்குத்தான் எழுதியிருக்கிறன்."

"கோடு?"

"அச்சிலை இருந்ததில்லை, நான் செய்தது எண்டதுக்கு."

என் கொப்பியின் ஓரத்தில் ஒன்றை எட்டுப் பாகையின் எண்ணால், 0.1405 ஆல், பிரிக்கத் தொடங்கினேன். நீண்ட வகுத்தல். அவள் நின்றுகொண்டே பார்த்தாள். ஏழு வந்தது. பிறகு ஒன்று. பிறகு இன்னொரு ஒன்று.

எதிர் அறையில் மணியடித்தது. அவளுக்கு நுண்கணித வகுப்பு தொடங்கிவிட்டது. வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"மலர், கோட்டையும் சேத்து எழுது."

பக்கத்தில் இருந்த புதிய மாணவியிடம் ஒரு பென்சில் இரவல் வாங்கினேன்.